பத்தொன்பதாம் கேள்வி

அந்தக் காகிதத்தில் இருபத்தேழு கேள்வி இருந்தது. கெசியா இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டாள். வேலை என்னமோ ஒன்றாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கிற வேலைதான். அதற்குப் பல் எத்தனை விழுந்திருக்கிறது, தூக்கத்தில் பிதற்றுவது உண்டா, குடும்பத்தில் பைத்தியம் பிடித்தவர் யார் யார் என்றெல்லாம் எதற்குத் தெரியவேண்டும்? மாட்டுத் தரகன்கூடப் பல்லைப் பார்த்ததோடு விட்டுவிடுவான். மாட்டின் சித்தியைப் பற்றி விசாரிக்க மாட்டான்.

பாளையங்கோட்டையில் ஒரு துரைசானியம்மாள் நடத்தின பள்ளிக்கூடம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று, தை மாதம். துரைசானி சீமையிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வந்த நாள் முதல் எல்லாவற்றுக்கும் ஒரு பாரம் போட்டாள். பாரம் என்றால் அச்சடித்த காகிதம், கோடு போட்ட இடத்தில் நம் கதையை நாமே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்க வேண்டியது. அவள் இங்கிலீஷில் எழுதினதைத் தமிழில் மாற்றி அச்சுக்குக் கொடுத்தவன் ரைட்டர் கிருபைராஜ். பள்ளிக்கூடத்துக் காகிதம் பூராவும் அவன் மேசைக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். சாவி அவன் இடுப்பில் இருக்கும்.

"இங்கன இருந்தே எழுதிக் குடுத்திரணும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது" என்றான் கிருபைராஜ்.

பெஞ்சியில் கெசியாவுக்குப் பக்கத்தில் சாலோமி என்று ஒரு பிள்ளை இருந்தது. உள்ளூர்தான், முருகன்குறிச்சி. கல்யாணம் ஆகாதவள், பயந்த சுபாவம். குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் எழுதி, இரண்டு கையாலும் நீட்டினாள். கிருபைராஜ் வாங்கிப் படித்தான். படிக்கிறவன் மனசுக்குள் படித்தால் என்ன?

"ஏலே மாடக்கண்ணு, இங்க வாலே" என்று வாசலில் நின்ற காவல்காரனைக் கூப்பிட்டான். "இந்தப் பிள்ளைக்குக் கடவாய்ப் பல்லு ரெண்டு போயிட்டாம்."

"முறுக்கு எப்படித் திங்கும் அண்ணாச்சி?" என்றான் மாடக்கண்ணு.

"ஊற வச்சுத் திங்கும். இன்னும் கேளு. இவ சித்திக்கு வலிப்பு உண்டாம்லே."

சாலோமி பெஞ்சியின் நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். கிருபைராஜின் விரல் காகிதத்தில் இறங்கிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றது. அங்கே மட்டும் அவன் சத்தம் போட்டு வாசிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "நாலு நாளா? சரி, சரி" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டான்.

கெசியா தன் காகிதத்தில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தாள். பத்தொன்பதாம் கேள்வி. 'வீட்டுக்குத் தூரம் - எத்தனை நாள்?'

அவளுக்குக் காது சுட்டது. மாதா மாதம் பெண்கள் ஒதுங்கி இருக்கிற நாளை வீட்டுக்குத் தூரம் என்று சொல்லாத வீடு அந்தச் சீமையில் கிடையாது. கிறிஸ்து வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆன குடும்பங்களிலும் அந்த வார்த்தை மட்டும் அப்படியே கூட வந்துவிட்டது. அதைப் பெண்களே பெண்களிடம் அரைச் சத்தத்தில்தான் சொல்வார்கள். இவன் அச்சில் ஏற்றி, கோடு போட்டு, நம்பரும் போட்டு வைத்திருக்கிறான்.

அடுத்த கேள்வி அதைவிட மோசம். 'பெற்ற பிள்ளைகள் எத்தனை? இறந்தவை எத்தனை? காரணம்?'

கெசியா காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற?"

"அண்ணாச்சி, கடைசிக் கேள்வியைப் பாருங்க. விதவையா இருந்தா ஆதரவு பண்ணுதவர் கையெழுத்து வேணும்னு போட்டிருக்கு. எங்க அண்ணன் ஸ்ரீவைகுண்டத்துல இருக்கான். இங்கன இருந்து எழுதினா அவன் கையெழுத்தை யாரு போடுதது, நீங்களா?"

கிருபைராஜ் இருபத்தேழாம் கேள்வியைப் படித்துப் பார்த்தான். அவன் எழுதின வார்த்தைதான். மறுக்க வழியில்லை.

"புதன்கிழமை கமிட்டி. அன்னைக்குக் காலையில காகிதம் என் கையில இருக்கணும். ஒரு கேள்வி விட்டாலும் தள்ளுபடி, சொல்லிட்டேன்."

தள்ளுபடி என்றால் கெசியாவுக்குக் கொழும்புதான். அவள் புருஷன் தேவசிகாமணி உபதேசியாராக இருந்தவர். ஊழியத்துக்குப் போன ஊரில் வாந்திபேதி கண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். அன்றுமுதல் அவள் அண்ணன் தானியேல் வீட்டில் இருந்தாள். அவளுக்கு வயசு இருபத்தெட்டு. கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதுகிற இஸ்ரவேல் என்பவர், வயசு ஐம்பத்திரண்டு, மனைவி இறந்தவர், நாலு பிள்ளைகள், பங்குனியில் ஊருக்கு வருகிறேன், கெசியாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கடிதம் போட்டிருந்தார். மூத்த மகளுக்கே கெசியாவைவிட இரண்டு வயசுதான் குறைவு.

தானியேல் கெட்டவன் இல்லை. குத்தகைக்கு எடுத்த வாழையில் பாதியை ஆற்று வெள்ளம் கொண்டுபோயிருந்தது. வீட்டில் அவன் பிள்ளைகளே மூன்று. "வேலை கிடைச்சா உன் இஷ்டம். கிடைக்கலைன்னா இஸ்ரவேலுக்குச் சரின்னு எழுதிருவேன்" என்று சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிறவன்.

கெசியா வீட்டுக்கு வந்தபோது மதினி எலிசபெத் அரிவாள்மணையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். தானியேல் காலில் சேற்றைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவனுக்குக் கையெழுத்துப் போட வரும், அவ்வளவுதான். கெசியா ஒவ்வொரு கேள்வியாக வாசிக்க வாசிக்க அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"'கிறிஸ்தவராகும் முன் உமது முன்னோர் என்ன சாதி?'"

"இதை எதுக்குளா கேக்காவ? ஞானஸ்நானத்தோட அதெல்லாம் போச்சுன்னு ஐயர் பிரசங்கம் பண்ணுதாரு. இங்க காகிதத்துல திரும்பக் கொண்டான்னு கேக்காவளா?" என்றான் தானியேல். பாதிரியாரை அங்கே ஐயர் என்றுதான் சொல்வார்கள்.

"'ஞானஸ்நானத்துக்கு முன்னால் உள்ளது எனக்குத் தெரியாது'" என்று சொல்லிக்கொண்டே கெசியா எழுதினாள்.

சயரோகம் உண்டா? இல்லை. பெருவியாதி உண்டா? இல்லை. புருஷன் எந்த நோயில் இறந்தார்? வாந்திபேதி. அது ஊருக்கே தெரிந்தது, எழுதினாள். பல் எத்தனை? முப்பத்திரண்டு. பத்தொன்பதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"என்ன, படி."

"இது மதினிகிட்ட காட்டணும்" என்றாள் கெசியா.

"அவளுக்கு எழுத்துக்கூட்ட வராது. என்னன்னு சத்தமா படி. வேலைக்குப் போறவளுக்கு என்ன வெக்கம்?"

கெசியா வாசலைப் பார்த்துக்கொண்டு வாசித்தாள். "'வீட்டுக்குத் தூரம், எத்தனை நாள்?'"

எலிசபெத்தின் கை அரிவாள்மணையில் நின்றது.

தானியேல் சட்டென்று பதில் சொன்னான். "இதுல என்ன யோசனை? பதினெட்டு மைலுன்னு எழுது. வண்டியில போனா ஒரு நாள். ஆத்துல வெள்ளம் வந்தா ரெண்டு நாள். இருக்கதுலயே இந்த ஒரு கேள்விதான் உருப்படியா கேட்டிருக்காவ."

பெண்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். எலிசபெத்துக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். அங்கிருந்து பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது.

"இவ எதுக்கு ஓடுதா?" என்றான் தானியேல். அச்சடித்த காகிதத்தில் அதைக் கேட்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"நீ சொன்னதுதான் சரி அண்ணே" என்றாள் கெசியா. பேனாவை மையில் தோய்த்து, அவன் சொன்னதை ஒரு எழுத்து விடாமல், அழகாக எழுதினாள்.

இருபதாம் கேள்வியை அவள் சத்தமாக வாசிக்கவில்லை. ஆனால் தானியேலுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவது கிடையாது. ஒன்பது நாள் இருந்த ஆண்பிள்ளை. பேர் வைக்க ஐயர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார். பிள்ளை சனிக்கிழமை போய்விட்டது.

"எழுதிரு" என்றான் தானியேல் பைய. "ஒண்ணு, ஒண்ணு, அவ்வளவுதான. எழுதினா வேலை. எழுதலைன்னா அந்தக் காகிதம் ஒண்ணுக்கும் ஆகாது."

கெசியாவுக்குச் சாலோமி பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு இருந்தது கண்ணில் வந்தது. 'ஏலே மாடக்கண்ணு, இங்க வாலே' என்கிற சத்தம் காதில் கேட்டது. அவள் அளவுகோலை வைத்து அந்தக் கோட்டில் குறுக்கே ஒரு கீற்றுப் போட்டாள்.

"கையெழுத்துப் போடு அண்ணே."

"ஏளா, உனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி."

"போடு."

போட்டான்.

புதன்கிழமை கமிட்டியில் துரைசானி நடுவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நேசையா ஐயர், வெள்ளை அங்கி, மடியில் தொப்பி. கிருபைராஜ் காகிதக் கட்டோடு நின்றான். காலியிடம் இரண்டு, வந்தவர்கள் நாலு பேர். மற்ற மூன்று பேரையும் விசாரித்து வெளியே அனுப்பியாயிற்று. கடைசியில் கெசியாவைக் கூப்பிட்டார்கள்.

துரைசானி முன்ஷியிடம் புஸ்தகத் தமிழ் படித்தவள். ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து வைத்துப் பேசுவாள்.

"கெசியா, உமது கையெழுத்து மிகவும் நேர்த்தியாயிருக்கிறது. உமது பதில்களும் தெளிவாயிருக்கின்றன. இதோ, வீட்டுக்குத் தூரம் பதினெட்டு மைல், மாட்டுவண்டியில் ஒரு நாள், வெள்ளக் காலத்தில் இரண்டு நாள். இதுவல்லவோ பதில்!"

கிருபைராஜ் காகிதத்தை எட்டிப் பார்த்தான். அவன் காலையில் இதைப் படிக்காமல் விட்டுவிட்டான். கெசியா வேண்டுமென்றே கமிட்டி மணி அடித்த பிறகுதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

துரைசானி மற்ற காகிதங்களைப் புரட்டினாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"ஆனால் ஒரு காரியம் எனக்கு விளங்கவில்லை. சாலோமியின் வீடு முருகன்குறிச்சி. நேற்று நான் அவ்விடம் நடந்தே போனேன். கால் மணி நேரம். அவள் நாலு நாள் என்று எழுதியிருக்கிறாள். இந்தப் பெண் ஐந்து நாள் என்கிறாள். இவளோ மூன்று நாள், சில மாதம் இல்லை என்று எழுதியிருக்கிறாள். வீடு சில மாதம் எப்படி இல்லாமற்போகும்?"

நேசையா ஐயருக்கு இருமல் வந்தது. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு வேப்பமரம் நின்றது, அதைப் பார்த்தார்.

"ரைட்டர், இந்தக் கேள்வியை நான் எழுதினதாக ஞாபகமில்லை. விளக்கும்."

"அது தூரம்தான் அம்மா" என்றான் கிருபைராஜ். நெற்றி வேர்த்துவிட்டது. "லீவு குடுக்கதுக்காக நான்தான் சேர்த்தேன்."

"தூரத்தை நாளினால் ஏன் கேட்டீர்?"

"வண்டிக் கணக்கு அம்மா. இங்கெல்லாம் அப்படித்தான்."

"முருகன்குறிச்சிக்கு வண்டியில் நாலு நாளா?"

கிருபைராஜ் ஐயரைப் பார்த்தான். ஐயர் வேப்பமரத்தை விடவில்லை.

"அந்தப் பிள்ளை... பைய நடக்கும் அம்மா."

வாசலுக்கு வெளியே மாடக்கண்ணு 'குபுக்' என்று சிரித்தது உள்ளே கேட்டது.

கெசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சாலோமி வெளியே உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதுதான் மனசில் இருந்தது.

"அவ பைய நடக்கல அம்மா. கேட்டதுக்குச் சரியாத்தான் எழுதியிருக்கா. அண்ணாச்சி கேட்டது வேற தூரம். அது என்னன்னு ஐயருக்குத் தெரியும். வாசல்ல நிக்க மாடக்கண்ணுக்கும் தெரியும். பொம்பளை நீங்க, உங்களுக்கு மட்டும்தான் தெரியல."

சொல்லிவிட்டு மேசையைச் சுற்றிப் போய், துரைசானியின் காதில் இரண்டே வார்த்தை சொன்னாள். துரைசானியின் முகம் கழுத்திலிருந்து மேலே வரைக்கும் சிவந்தது. பேனாவை எடுத்து நாலு காகிதத்திலும் பத்தொன்பதை அடித்தாள். நிப்பு கிழித்துவிடும் போல அழுத்தி அடித்தாள். கிருபைராஜைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. முடியவில்லை.

"ஆனால் இருபதாம் கேள்வி" என்றாள் துரைசானி. "இங்கே கோடு கிழித்திருக்கிறீர். இது ரைட்டருடைய கேள்வியல்ல. இது என்னுடையது. போர்டிங்கில் அறுபது பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் சுகத்துக்காகக் கேட்கிறேன்."

"சயரோகம் உண்டான்னு கேட்டீங்க, இல்லைன்னு எழுதியிருக்கேன். நம்பிக்கை இல்லைன்னா லேடி டாக்டரை வச்சுப் பாருங்க, நிக்கேன். இது என் உடம்பு இல்லம்மா. இதை எழுத மாட்டேன்."

"மறைக்கிறீரா?"

"மறைக்கேன். எங்க வீட்டுலயே பேசாததைக் கொண்டாந்து இவிய தகரப் பெட்டியில வைக்க மாட்டேன். போன வாரம் சாலோமி பல்லை மாடக்கண்ணுக்கு வாசிச்சுக் காட்டினாவ. சித்தி வலிப்பையும் வாசிச்சாவ."

"பொய் அம்மா! அபாண்டம்!" என்றான் கிருபைராஜ்.

"மாடக்கண்ணைக் கூப்பிடுங்க. முறுக்குக் கதையைக் கேளுங்க."

யாரும் கூப்பிடவில்லை. வாசலில் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது.

நேசையா ஐயர் இப்போதுதான் வாயைத் திறந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் எந்தச் சண்டையையும் சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போக நினைக்கிறவர். "கெசியா, ரெண்டு எண்ணு எழுதினா முடிஞ்சது. உன் புருஷன் என் கூட ஊழியம் செஞ்சவர். வேலை உனக்குத்தான். நான் சொல்லுதேன். எழுதிரு மகளே."

பேனாவை எடுத்து அவரே மையில் தோய்த்து நீட்டினார். கெசியா அதைப் பார்த்தாள். பங்குனிக்கு ஐம்பது நாள்கூட இல்லை. கொழும்புக் கப்பல் தூத்துக்குடியிலிருந்து வாரத்துக்கு எத்தனையோ தரம் போகிறது. ஒன்று என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? கண் மூடித் திறக்கிற நேரம். எழுதிவிட்டால் அந்த ஒன்பது நாளும் ஓர் எண்ணாகி, பூட்டுப் போட்ட பெட்டியில் சாலோமியின் பல்லோடு கிடக்கும். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மன்னிக்கணும் ஐயரே. முடியாது."

துரைசானி அந்தக் காகிதத்தைத் தனியே எடுத்து வைத்தாள். கேள்வியை எடுத்துவிடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் இறங்கி வருகிற ஜாதி இல்லை அது.

"முழுப் பாரம் இல்லாவிட்டால் மதராசிலுள்ள மேலிடத்தார் உம்மை நிரந்தரமாய் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தற்காலிகமாய் மட்டும் வைத்துக்கொள்வேன். தங்க அறை கிடையாது. எந்த மாதமும் நிறுத்தப்படலாம். இந்தக் காகிதம் ஒவ்வொரு வருஷமும் உம்மிடம் வரும். சம்மதமா?"

"எந்த வகுப்பு அம்மா?" என்றாள் கெசியா.

வெளியே சாலோமி எழுந்து வந்தாள். அழுது துடைத்த முகம். அவளுக்கும் வேலை ஆகியிருந்தது.

"அக்கா, நீங்க மட்டும் எப்படி மைலு கணக்கு எழுதினிய?"

"நீ ஏன் நாலு நாளுன்னு எழுதின?"

"கேட்டாவ, எழுதினேன்."

"இனிமே கேட்டா, எதுக்குன்னு கேளு" என்றாள் கெசியா.

அன்றைக்கே தபாலாபீசில் ஒரு கார்டு வாங்கி அண்ணனுக்கு எழுதினாள். 'வேலை கிடைத்தது. கொழும்புக்கு முடியாதென்று எழுதிவிடு.' தற்காலிகம் என்கிற வார்த்தையை அதில் சேர்க்கவில்லை. வேலை கிடைத்தால் என்றுதான் அவன் சொல்லியிருந்தான், எப்பேர்ப்பட்ட வேலை என்று சொல்லவில்லை.

அன்று ராத்திரி சாலோமி வீட்டில் படுத்தாள். மறுநாள் காலை மணி அடித்ததும் கெசியா ஒன்றாம் வகுப்புக்குள் போனாள். நாற்பது பிள்ளைகள், சந்தைக்கடைச் சத்தம். கிருபைராஜ் புது ரிஜிஸ்தரை மேசையில் டொக்கென்று வைத்துவிட்டுப் போனான். முகத்தைப் பார்க்கவில்லை. தகரப் பெட்டிச் சாவி அவன் இடுப்பில் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ரிஜிஸ்தரைத் திறந்தாள். பேர், வயசு, தகப்பன் பேர், சாதி, வீட்டில் உள்ள வியாதி என்று அதிலும் பத்திப் பத்தியாகக் கோடு. பேர் மட்டும் ஏறியிருந்தது. மற்றதை வாத்தியார் கேட்டு எழுத வேண்டியது போல.

புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று பேர் ஏறாமல் முன்வரிசையில் இருந்தது. எண்ணெய் வைத்து இறுக்கிச் சீவின தலை. கெசியா கைகாட்டிப் பேர் கேட்டதும் எழுந்து நின்று, யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பினதை மூச்சு விடாமல் ஒப்பித்தது.

"என் பேரு மரியபுஷ்பம். வயசு ஆறு. எங்க அப்பா பேரு சவரிமுத்து. எங்க அம்மாவுக்கு ரெத்தமா இருமல்..."

"பேரு கேட்டேன், சொல்லிட்ட" என்றாள் கெசியா. "உக்காரு. சிலேட்டை எடு."